வயதானவர்களும் மருத்துவ ஆய்வும்: பினாங்கில் நம் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

பினாங்கில் 30 வருடத்துக்கு மேல் வார்டில் தாதியாக வேலை பார்த்தேன். ஓய்வு பெற்ற பிறகும் எங்கள் குடியிருப்பான தாமானில் என்னை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுகிறார்கள். "மிஸ்ஸி, இந்தப் பாரத்தைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க" என்று வாரத்துக்கு ஒருவராவது வாசலில் நிற்பார். முன்பெல்லாம் அது சமூகநல இலாகா பாரமாக இருக்கும். இப்போது அதிகம் வருவது மருத்துவ ஆய்வுப் பாரம். அப்பாவையோ பாட்டியையோ ஓர் ஆய்வில் சேரும்படி மருத்துவமனையில் கேட்டிருப்பார்கள். வீட்டில் யாருக்கும் தலையும் புரியாது, வாலும் புரியாது. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

அப்பாவுக்கு 82 வயது. இந்த வயதில் அவரை வைத்து என்ன ஆராய்ச்சி?

இந்த வயதுக்காரர்களை விட்டுவிட்டு ஆராய்ச்சி செய்ததுதான் இத்தனை நாளாக இருந்த குறை. ஒரு மருந்தை 50, 55 வயதில், ஒரே ஒரு நோய் உள்ளவரிடம் கொடுத்துப் பார்ப்பார்கள். அப்புறம் அதே மருந்தைச் சர்க்கரை, இரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு மூன்றும் சேர்ந்த உங்கள் அப்பாவுக்கு எழுதிக் கொடுப்பார்கள். பொருந்துமா என்றால் ஊகம்தான்.

இரத்த அழுத்தத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2018-இல் நம் மலேசியாவில் எடுத்த தேசியச் சுகாதாரக் கணக்கெடுப்பில் 60 வயதைத் தாண்டியவர்களில் பாதிப் பேருக்கு மேல் அது இருந்தது. ஆனால் 80-ஐத் தாண்டியவருக்கு அழுத்தத்தைக் குறைத்தால் நல்லதா கெட்டதா என்பதில் மருத்துவர்களுக்குள்ளேயே வெகுகாலம் சந்தேகம் இருந்தது. தலைசுற்றி விழுவார், ஆயுள்கூட குறையும் என்று பயந்தவர்கள் உண்டு. ஹைவெட் என்ற ஆய்வில் 80 வயதும் அதற்கு மேலும் ஆன 3,845 பேரைச் சேர்த்துப் பார்த்தார்கள். 2008-இல் முடிவு வந்தது. மருந்து எடுத்தவர்களிடம் இறப்பு 21 விழுக்காடு குறைவு, இதயம் செயலிழப்பது 64 விழுக்காடு குறைவு. பலன் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வையே முன்கூட்டி நிறுத்தினார்கள். ஒன்று சொல்ல வேண்டும்: அதில் சேர்ந்தவர்கள் வயதுக்கு நல்ல தெம்போடு இருந்தவர்கள். படுத்த படுக்கையாக இருப்பவருக்கும் அதே கணக்கு பொருந்துமா என்றால், அவர்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும்.

எங்களைச் சோதனை எலியாக்கப் பார்க்கிறார்களோ?

இந்தப் பயத்தை நான் சிரித்து ஒதுக்குவதில்லை. அது நடந்திருக்கிறது. 1963-இல் நியூயார்க்கின் ப்ரூக்ளினில், நாட்பட்ட நோயாளிகளுக்கான ஒரு மருத்துவமனையில், உடல் தளர்ந்த 22 நோயாளிகளுக்கு உயிருள்ள புற்றுநோய் அணுக்களை ஊசியில் ஏற்றினார்கள். அது புற்றுநோய் அணு என்று அவர்களிடம் சொல்லவில்லை. வயதானவர்கள், பலவீனமானவர்கள், யாரும் கேட்க மாட்டார்கள் என்ற நினைப்பு. விஷயம் வெளியே வந்து பெரிய ரகளையானது.

1964-இல் உலக மருத்துவச் சங்கம் ஹெல்சிங்கியில் ஓர் அறிக்கை வெளியிட்டது. யார்மீது ஆய்வு செய்தாலும் அவருக்கு விளக்கிச் சொல்லி, அவர் சம்மதத்தோடு செய்ய வேண்டும் என்பது அதன் அடிப்படை. பின்னர் பலமுறை திருத்தப்பட்ட அந்த அறிக்கையை ஒட்டித்தான் இன்று நம் கையில் கொடுக்கும் பாரமும் இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு பக்கம் இருக்கிறதே என்று அலுத்துக்கொள்ளாதீர்கள். அந்த ஒவ்வொரு பக்கத்துக்கும் பின்னால் யாரோ ஒருவர் ஏமாந்திருக்கிறார்.

கையெழுத்து யார் போட வேண்டும்? மூத்த மகன் போட்டால் போதாதா?

போதாது. பெரியவருக்கு விஷயம் புரிகிறது என்றால் அவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

நம் வீடுகளில் அதிகம் சறுக்குவது இந்த இடத்தில்தான். ஒரு முறை வார்டில் ஓர் ஆய்வு உதவியாளர் 79 வயதுப் பாட்டியின் கட்டிலருகே வந்து நின்றார். பாட்டி தைப்பூசத்தில் தண்ணீர்மலைக்கு ஏறும்போது கால் பிசகி விழுந்தவர். மகன் குறுக்கே வந்து, "அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது, நான் சைன் பண்ணிடுறேன்" என்று பேனாவை நீட்டினார். பாட்டி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "ரத்தம் யாருது? என்னுதுதானே? அப்ப என்னைக் கேளுங்க" என்றார். பிறகு அரை மணி நேரம் கேள்வியாகக் கேட்டார். எத்தனை தடவை வரணும், ஊசி வலிக்குமா, பேரன் கல்யாணத்துக்கு ஈப்போ போகும்போது இடைஞ்சலா இருக்குமா. கடைசியில், "வேணாம்ப்பா, எனக்கு ஒத்து வராது" என்று சொல்லிவிட்டார். மகனுக்கு முகம் சுருங்கிவிட்டது. எனக்கு அன்று முழுக்க மனசு நிறைவாக இருந்தது.

படிக்கத் தெரியாதவர் என்றால் கைநாட்டு வைக்கலாம். அதற்கு ஒரு முறை இருக்கிறது: ஆய்வுக் குழுவைச் சேராத ஒருவர் சாட்சியாக, விளக்கம் தொடங்கியதிலிருந்து முடியும் வரை கூடவே உட்கார்ந்திருக்க வேண்டும். அவரும் கையெழுத்துப் போட வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு பக்கத்துக் கட்டில்காரரின் மகளைக் கூப்பிட்டு "இங்கே ஒரு கையெழுத்து" என்பது சாட்சி ஆகாது.

அவசரப்படுத்தினால், "வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பேசிவிட்டு நாளைக்குச் சொல்கிறோம்" என்று தாராளமாகச் சொல்லலாம்.

அம்மாவுக்கு மறதி நோய். அவருக்கு எப்படிப் புரியும்?

மறதி நோய் என்று பெயர் எழுதியாகிவிட்டதால் மட்டும் முடிவெடுக்கத் தெரியாதவர் ஆகிவிட மாட்டார். ஆரம்ப நிலையில் இருப்பவர் பல விஷயங்களைத் தெளிவாகச் சொல்வார். வங்கிக் கணக்கு குழம்பலாம். "வாரம் இரண்டு நாள் வந்து உடற்பயிற்சி செய்யச் சொல்கிறார்கள், வருகிறீர்களா" என்பது புரியலாம். நல்ல ஆய்வாளர் விளக்கிவிட்டு, "நான் சொன்னதை உங்கள் வார்த்தையில் திரும்பச் சொல்லுங்கள் அம்மா" என்பார். அந்தப் பதிலில் தெரிந்துவிடும். காலையில் கேட்பது நல்லது. மாலை மங்க மங்கக் குழப்பம் கூடும்.

நிஜமாகவே புரியாத நிலை என்றால், சட்டப்படி ஏற்கத்தக்க பிரதிநிதி ஒருவர் அவர் சார்பில் சம்மதம் தரலாம். பெரும்பாலும் கணவனோ மனைவியோ பிள்ளையோ. அந்த இடத்தில் உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டியது "எனக்கு என்ன தோன்றுகிறது" என்பது இல்லை, "அம்மா நன்றாக இருந்தபோது இதற்கு என்ன சொல்லியிருப்பார்" என்பது. நீங்கள் கையெழுத்துப் போட்ட பிறகும், இரத்தம் எடுக்கும்போது அம்மா கையை இழுத்துக்கொண்டால் அதுவும் ஒரு பதில்தான். விட்டுவிட வேண்டும்.

தமிழில் விளக்குவார்களா? ஞாபகசக்திச் சோதனை தமிழில் இருக்கிறதா?

பாரம் பெரும்பாலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். தமிழில் வேண்டும் என்று கேளுங்கள். சில ஆய்வுகளில் தமிழ்ப் பாரம் தயாராகவே இருக்கும், யாரும் கேட்காததால் அலமாரியில் கிடக்கும். பேரப்பிள்ளையை மொழிபெயர்க்க விடாதீர்கள். 14 வயதுப் பிள்ளை பாட்டியிடம் "மூத்திரம் தெரியாமல் போகிறதா" என்று எப்படிக் கேட்கும்?

ஞாபகசக்திச் சோதனை கொஞ்சம் வேடிக்கையான விஷயம். உலகம் முழுக்கப் பயன்படும் ஒரு பழைய சோதனை 1975-இல் அமெரிக்காவில் உருவானது. அதில் ஓர் ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லைக் கடைசி எழுத்திலிருந்து முன்னோக்கிச் சொல்லச் சொல்வார்கள். தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவரிடம் அதைக் கேட்டால் என்ன ஆகும்? இன்றைக்கு என்ன தேதி என்று ஒரு பாட்டியிடம் கேட்டார்கள். "ஆடி பொறந்து நாலு நாள்" என்றார். கேட்டவருக்கு ஜூலை 20 என்ற பதில்தான் வேண்டும். தப்பு என்று குறித்துக்கொண்டார். பாட்டி சொன்னது அச்சுப்பிசகாத சரி.

படிப்புக் குறைவை நோய் என்று தப்பாக எண்ணிவிடக் கூடாது என்று உலக அளவில் யோசித்தவர்கள் இருக்கிறார்கள். 1998-இல் 10/66 என்ற ஆய்வுக் குழு உருவானது. பெயருக்குக் காரணம்: மறதி நோயாளிகளில் 66 விழுக்காட்டினர் வளரும் நாடுகளில் இருக்கிறார்கள், ஆனால் ஆராய்ச்சியில் 10 விழுக்காடுகூட அவர்களைப் பற்றியது இல்லை. இந்தக் குழு சென்னையிலும் வேலூரிலும் தமிழ் பேசும் பெரியவர்களிடம் வேலை செய்திருக்கிறது. பள்ளிப் படிப்பு குறைந்தவருக்கும் பொருந்தும்படி சோதனையை அமைத்தார்கள். வீட்டில் இருப்பவரிடம் "முன்பு செய்த எதை இப்போது செய்ய முடியவில்லை" என்றும் விசாரிப்பார்கள். நம் நாட்டில் 2018 கணக்கெடுப்பின்படி 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 8.5 விழுக்காட்டினருக்கு மறதி நோய்க்கான அறிகுறி தெரிந்தது. அம்மா அந்த எண்ணிக்கைக்குள் வருகிறாரா இல்லையா என்பதை ஆடி மாதக் கணக்கில் சொன்ன ஒரு பதில் தீர்மானிக்கக் கூடாது. சோதனைக்கு முன்பே, எத்தனை வருடம் பள்ளிக்குப் போனார், எந்த மொழியில் படித்தார் என்று சொல்லிவிடுங்கள்.

வீட்டில் நன்றாக இருந்த அம்மா, வார்டில் இரண்டாம் நாள் இரவிலிருந்து உளறுகிறார். காற்றுக் கருப்பு என்கிறார்கள் உறவினர்கள்.

காற்றும் இல்லை, கருப்பும் இல்லை. இதை டெலிரியம் என்பார்கள். மூளை திடீரென்று தடுமாறும் நிலை. சிறுநீர்த் தொற்று, நீர் வற்றுவது, மலச்சிக்கல், அறுவை சிகிச்சை, புது மருந்து, தூக்கமின்மை, இதில் எதுவும் காரணமாகலாம். மறதி நோய் மாதக்கணக்கில் மெல்ல வரும். இது மணிக்கணக்கில் வரும், கூடும், குறையும்.

என் பணிக்காலத்தில் மறக்காத ஓர் இரவு. விடியற்காலை நாலு மணி. இடுப்பெலும்பு முறிந்த ஓர் அம்மா கட்டிலின் கம்பியைத் தாண்டிக் காலைப் போட்டுக்கொண்டிருக்கிறார். "பெரட்டுக்கு நேரமாச்சு, கங்காணி ஆளு விட்டுடுவாரு" என்கிறார். நாற்பது வருடத்துக்கு முன்பு விட்ட ரப்பர் தோட்டம், பால் மரம், விடியலில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களம், எல்லாம் அந்த வார்டுக்குள் வந்துவிட்டது. உள்ளூர்க்காரி இல்லாத இளம் தாதிக்கு ஒன்றும் விளங்கவில்லை. கையைக் கட்டிவிடலாமா என்று கேட்டார். நான் பக்கத்தில் போய், "இன்னைக்கு மழைம்மா, பெரட்டு இல்ல" என்றேன். அப்படியே சாய்ந்து படுத்துக்கொண்டார். (பாடப்புத்தகத்தில் இதைச் செய்யச் சொல்லவில்லை. இது வார்டு, இது பினாங்கு என்று நிதானமாக எடுத்துச் சொல்வதுதான் முறை. ஆனால் அன்றைக்கு மழைதான் கை கொடுத்தது.) காலையில் பார்த்தால் சிறுநீர்ப்பை நிறைந்து அடைத்துப் போயிருந்தது. அதைச் சரிசெய்த இரண்டு நாளில் தெளிந்துவிட்டார்.

இதைத் தடுக்க முடியும் என்று காட்டிய ஆய்வு 1999-இல் வந்தது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக மருத்துவமனையில் 70 வயதைத் தாண்டிய 852 நோயாளிகள். ஒரு பாதிக்கு வழக்கமான கவனிப்பு. மறுபாதிக்குக் கூடுதலாகச் சில சின்ன வேலைகள்: இன்று என்ன நாள், எங்கே இருக்கிறோம் என்று பேசுவது, எழுப்பி நடக்க வைப்பது, கண்ணாடியும் காதுக்கருவியும் போட்டுவிடுவது, தண்ணீர் குடிக்க வைப்பது, தூக்க மாத்திரைக்குப் பதிலாக இரவில் வெதுவெதுப்பான பாலும் முதுகு தடவலும். வழக்கமான கவனிப்பில் 15 விழுக்காட்டினருக்கு டெலிரியம் வந்தது; இவர்களில் 9.9 விழுக்காடுதான். வந்த பிறகு இதையெல்லாம் செய்து பெரிதாகக் குறைக்க முடியவில்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. ஆகவே முதல் நாளே தொடங்க வேண்டும். புது மருந்தே இல்லாத ஆய்வு இது. இதெல்லாம் பார்வையாளர் நேரத்தில் மகளோ மருமகனோ செய்யக்கூடியது.

உளறலை உடனே தாதியிடம் சொல்லுங்கள். "வயசாயிடுச்சு, அப்படித்தான்" என்று யார் சொன்னாலும் விடாதீர்கள். "நேற்று மத்தியானம் வரை இப்படி இல்லை" என்ற ஒரு வாக்கியம் மருத்துவருக்குப் பெரிய துப்பு.

விழுந்துவிடுவாரோ என்று பயம். படுத்தே இருக்கட்டுமே?

பயம் நியாயம்தான். 2018 கணக்கெடுப்பில் பெரியவர்களில் 14.1 விழுக்காட்டினர், அதாவது ஏழு பேரில் ஒருவர், ஒரே வருடத்தில் விழுந்திருக்கிறார்கள். ஆனால் படுக்கை வேறொரு ஆபத்து. 2007-இல் வெளிவந்த ஒரு சிறிய ஆய்வில், நோயே இல்லாத 12 முதியவர்களைப் பத்து நாள் படுக்கையில் வைத்தார்கள். கால்களில் மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ தசை போய்விட்டது. நோயும் சேர்ந்தால் யோசித்துப் பாருங்கள். 23,000 பேருக்கு மேல் பங்கெடுத்த ஆய்வுகளை 2019-இல் சேர்த்துப் பார்த்ததில், உடற்பயிற்சி செய்தவர்கள் விழுவது சுமார் 23 விழுக்காடு குறைந்தது. நடைப்பயிற்சியைவிட, நிலை தடுமாறாமல் நிற்கப் பழகும் பயிற்சிக்குப் பலன் அதிகம். வார்டில் இருக்கும்போது சாப்பாட்டுக்காவது எழுந்து நாற்காலியில் உட்காரட்டும்.

கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டு யாருக்கு எந்த மருந்து என்று முடிவு செய்வார்களாமே?

ஆமாம், கூட்டுப் பணச் சீட்டைக் குலுக்குவது போலத்தான். மருத்துவரே ஆள் பார்த்துக் கொடுத்தால், தெம்பானவருக்கெல்லாம் புது மருந்து போய்ச் சேரும். அப்புறம் மருந்து நல்லதா, ஆள் நல்ல ஆளா என்று பிரிக்க முடியாது. சில ஆய்வுகளில் ஒரு பாதிக்கு மருந்தே இல்லாத மாத்திரை வரும். அப்பாவின் வழக்கமான மருந்துகளை நிறுத்துவார்களா என்று கேளுங்கள். அந்தப் பதில் மழுப்பலாக இருந்தால் கையெழுத்து வேண்டாம்.

இரத்தம் எவ்வளவு எடுப்பார்கள்?

பாரத்தில் மில்லி கணக்கில் எழுதியிருக்கும். 5 மில்லி என்றால் ஒரு தேக்கரண்டி.

பணம் கொடுப்பார்களா?

போக்குவரத்துக்கும் சாப்பாட்டுக்கும் கொஞ்சம் வெள்ளி (ரிங்கிட்) கொடுப்பது வழக்கம். பட்டர்வொர்த்திலிருந்து பெர்ரி ஏறி வருகிறவருக்கும் கூட வருகிற மகளுக்கும் சேர்த்துத் தருவார்களா என்று முன்பே கேளுங்கள். பெருந்தொகை தருகிறேன் என்றால் யோசியுங்கள். உங்களிடமே பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். புது மருந்து ஆய்வு என்றால், பாதிப்பு வந்தால் காப்புறுதி உண்டா என்பதையும் கேட்க வேண்டும்.

இது உண்மையான ஆய்வுதான் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சுகாதார அமைச்சின் மருத்துவமனை, கிளினிக்குகளில் நடக்கும் ஆய்வுகள் தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவாகியிருக்க வேண்டும். அதற்கு ஓர் எண் உண்டு. அமைச்சின் நெறிமுறைக் குழுவும் அனுமதித்திருக்க வேண்டும். யுஎஸ்எம் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) போன்ற பல்கலைக்கழகங்களுக்குத் தனிக் குழு இருக்கிறது. பாரத்தில் அந்தக் குழுவின் தொலைபேசி எண் இருக்கும்; அது புகார் சொல்வதற்காகவே போட்ட எண். பாரத்தின் ஒரு பிரதியை வாங்காமல் வராதீர்கள்.

நாட்டு மருந்து சாப்பிடுவதைச் சொன்னால் திட்டுவார்களே?

திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள், சொல்லாமல் விடாதீர்கள். கஷாயம், லேகியம், சந்தையில் வாங்கிய மூட்டுவலி மாத்திரை எல்லாமே. கடையில் வாங்கும் சாதாரணச் சளி மாத்திரையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அவற்றில் பலவற்றில் இருக்கும் குளோர்பெனிரமின் என்ற மருந்து, முதியவர்களுக்குத் தவிர்க்க வேண்டியவை என்று அமெரிக்க முதியோர் மருத்துவர்கள் வைத்திருக்கும் பட்டியலில் உண்டு. குழப்பத்தையும் சிறுநீர் அடைப்பையும் கொண்டுவரும். "சும்மா சளிக்குத்தானே" என்று யாரும் சொல்வதில்லை, மருத்துவரும் கேட்பதில்லை.

பாதியில் விலகலாமா?

எப்போது வேண்டுமானாலும். காரணம் சொல்ல வேண்டியதில்லை. வழக்கமான சிகிச்சை அப்படியே தொடர வேண்டும். ஒரே ஒரு விஷயம்: புது மருந்தைத் திடீரென்று நிறுத்தாமல் ஆய்வு மருத்துவரிடம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள்.

அத்தையைப் பார்த்துக்கொள்வது நான். என்னிடம் எதற்கு 22 கேள்வி கேட்கிறார்கள்?

கவனித்துக்கொள்கிறவரின் சுமை எவ்வளவு என்று அளக்கும் கேள்வித்தாள் அது. உங்கள் நேரம், உடம்பு, கோபம், செலவு எல்லாம் அதில் வரும். கவனிக்கிறவர் சாய்ந்துவிட்டால் நோயாளியும் சாய்ந்துவிடுவார் என்பதால் கேட்கிறார்கள். அத்தையும் கணவரும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது எந்த மருமகளும் உண்மையைச் சொல்லப் போவதில்லை. தனியாகப் பதில் சொல்கிறேன் என்று கேளுங்கள், ஒத்துக்கொள்வார்கள்.

முதல் நாள் போகும்போது என்ன எடுத்துப் போக வேண்டும்?

அடையாள அட்டை, கிளினிக் புத்தகம், எல்லா மருந்தும் (பெயர் எழுதிய தாள் போதாது, பையோடு). கண்ணாடி, காதுக்கருவி, அதற்கு மாற்று பேட்டரி, பல்செட். குளிர்சாதன அறையில் காக்க வைப்பார்கள், ஒரு ஸ்வெட்டர் அல்லது சால்வை. வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தால் சர்க்கரை மருந்தை என்ன செய்வது என்று முந்தின நாளே போன் செய்து கேட்டுவிடுங்கள். இரத்தம் எடுத்த உடனே சாப்பிட ஏதாவது டப்பாவில் இருக்கட்டும். இரண்டு இட்லி போதும். சட்னி வேண்டாம், காத்திருக்கும் நேரத்தில் புளித்துவிடும்.